முன்பாரம்

வில் வண்டி என்றதும் பழைய கறுப்பு வெள்ளைத் திரைப்படங்களில் மிராசுதார் வந்து இறங்கும் காட்சி பலருக்கும் நினைவில் எழக்கூடும். காளைகளின் கழுத்தில் சலங்கை, கொம்பில் பித்தளைக் குப்பி, உள்ளே மெத்தை, மேலே வளைந்த கூண்டு. அந்த வண்டியில் வில் எங்கே இருக்கிறது என்று நண்பர்கள் சிலரிடம் ஒருமுறை கேட்டுப் பார்த்தோம். எல்லோரும் நல்ல வாசகர்கள், சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர்கள். அனேகமாக அனைவரும் கூண்டின் வளைவையே காட்டினார்கள்.

வில் கூண்டில் இல்லை. அது கீழே, பயணம் செய்பவர் கண்ணில் படாத இடத்தில், அச்சுக்கும் வண்டிச் சட்டத்துக்கும் நடுவே இருக்கிறது. ஒன்றின்மேல் ஒன்றாக, நீளம் குறைந்துகொண்டே போகும்படி அடுக்கிக் கட்டிய இரும்புப் பட்டைகளின் தொகுப்பு அது. லாரிப் பட்டறைகளில் இதற்குக் கமான் பட்டை என்று பெயர். கமான் என்பதும் பாரசீகத்தில் வில்தான். தமிழும் பாரசீகமும் தனித்தனியே யோசித்து ஒரே உவமைக்கு வந்து சேர்ந்திருப்பதில் எங்களுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. இதை எங்கள் தந்தையாரிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "வில்லு மாதிரி இருந்தா வில்லுன்னுதான் சொல்லுவான்" என்றார்.

நாங்கள் என்று சொல்வது அண்ணன் தம்பி இருவரை. ஊர் ஆரணி. எங்களில் மூத்தவன் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவன். இளையவன் ஒரு வாகனத் தொழிற்சாலையில் ஃபிட்டர். அப்பா தச்சர். இளம் வயதில் வண்டி செய்தவர். பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் பட்டுத்தறிக்கு மரம் செய்தவர். இந்த மாற்றம் அவர் விரும்பி ஏற்றதன்று. ஆரணியைச் சுற்றியுள்ள அரிசி ஆலைகளுக்கு நெல் மூட்டை ஏற்றிவந்த கட்டை வண்டிகள் எங்கள் சிறுவயதில் ஒவ்வொன்றாக டயர் வண்டிகளாக மாறின. காற்றடைத்த டயர், கழித்துப் போட்ட லாரியின் அச்சு, பேரிங். மாட்டுக்கு இழுவை குறைந்தது, பாரம் இரட்டிப்பாக ஏற்ற முடிந்தது. அதைக் குறை சொல்ல முடியாது. பெங்களூரு ஐஐஎம்மின் முதல் இயக்குநராக இருந்த என். எஸ். ராமசுவாமி போன்றோர் மாட்டுவண்டியைச் சீர்திருத்த வேண்டும், விலங்கின் கழுத்தில் விழும் சுமையைக் குறைக்க வேண்டும் என்று எழுதியும் பேசியும் வந்த காலம் அது. ஆனால் டயர் வண்டிக்கு ஆரக்கால் செதுக்கும் தச்சர் தேவையில்லை. வெல்டிங் பட்டறை போதும். மிராசுதார்கள் அம்பாசிடருக்குப் போய்விட, வில் வண்டிக்கும் ஆள் இல்லை.

ஆரணியில் தச்சருக்கு வேலை இல்லாமல் போகாது. தறி இருக்கிறது. குழித்தறியின் சட்டம் இம்மி பிசகினாலும் சேலையின் கரை ஓடிவிடும் என்பதால் நெசவாளர்கள் தச்சரைத் தேர்ந்தெடுப்பதில் கண்டிப்பானவர்கள். அப்பாவின் மூலைமட்டம் பிசகாது என்று பெயர். சட்டத்தைப் பூட்டியதும் மூலைக்கு மூலை கயிறு பிடித்துப் பார்ப்பார். இரண்டு குறுக்களவும் ஒன்றாக வரும்வரை ஆப்பு இறங்காது. வண்டிச் சட்டத்துக்குப் பழகிய பழக்கம் இது என்று பிற்பாடுதான் அறிந்தோம்.

நிற்க. அச்சு என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டிக்காரருக்கு அது இரு சக்கரங்களைக் கோக்கும் தண்டு. எங்கள் தெரு நெசவாளருக்கு அது பாவு இழைகளை வரிசையாகப் பிரித்து, ஊடையை அடித்து இறுக்கும் சட்டகம். புத்தகம் வாசிக்கிறவர்களுக்கு அது எழுத்து. மூன்று அச்சும் புழங்கிய வீட்டில் நாங்கள் வளர்ந்தோம், மூன்றாவதை மட்டும் பிடித்துக்கொண்டோம். தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அப்பா எங்களை வற்புறுத்தியதில்லை. நாங்களும் கேட்டதில்லை.

2017இல் அந்த வேலை வந்தது. நெடுஞ்சாலையோரத் தங்கும் விடுதி ஒன்றின் நிர்வாகத்தினர் யாரோ சொல்லக் கேட்டு அப்பாவைத் தேடி வந்தார்கள். முன்புறப் புல்வெளியில் வைக்க ஒரு வில் வண்டி வேண்டும். பார்வைக்குத்தான். குழந்தைகள் ஏறிப் படம் எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவே. நான்கு மாத அவகாசம், முன்பணமாக ஒரு தொகை. அப்பாவுக்கு அப்போது 76 வயது. ஒரு கண்ணில் புரை அறுவை முடிந்திருந்தது. உளி பிடிக்கும் கை லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது.

நாங்கள் கணக்குப் போட்டோம். ஓடப்போகாத வண்டிக்கு உண்மையான வில் எதற்கு? இரும்புத் தகட்டை வளைத்துப் பச்சை வண்ணம் பூசினால் போதும். அச்சுக்கு ஒரு குழாய். சக்கரம் மட்டும் பழையதாக எங்காவது கிடைக்கும். இரண்டு மாதத்தில் முடித்துவிடலாம், கையிலும் கொஞ்சம் மிஞ்சும். அப்பா முழுவதையும் கேட்டுவிட்டு, "ஓடாத வண்டி செய்யறதுக்கு எனக்குத் தெரியாதுடா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, தெரியாத வேலையைத் தெரியாது என்று ஒப்புக்கொள்கிறவரின் குரலில்தான் சொன்னார். அதனால் எங்களுக்கு மறுத்துப் பேச வழியில்லாமல் போயிற்று. அவர் கை ஓடாத இடத்தில் எங்கள் கை ஓட வேண்டும் என்று ஏற்பாடானது. அந்த நான்கு மாதமும், உண்மையில் ஏழு மாதம் ஆயிற்று, சனி ஞாயிறுகளில் நாங்கள் அவரிடம் எடுபிடி ஆட்கள்.

சக்கரத்திலிருந்து தொடங்கினோம். புதிதாகச் செய்யும் வலு அவரிடம் இல்லை. செய்யாறு போகும் வழியில் ஒரு கிராமத்தில், மாட்டுத்தொழுவத்தின் பின்னால் சாய்த்து வைத்திருந்த ஒரு ஜோடியைக் கண்டுபிடித்தோம். 4 அடி விட்டம், 12 ஆரக்கால், 6 வட்டை. ஒரு வட்டைக்கு இரண்டு ஆரக்கால் என்பது கணக்கு. குடம் கருவேலம், கல்போல் இருந்தது. ஆனால் மரம் காய்ந்து சுருங்கியதில் இரும்புப் பட்டா தளர்ந்து, ஆரக்கால்கள் குடத்துக்குள் ஆடின. பட்டாவைக் கழற்றி, சிறிது வெட்டி எடுத்து, மறுபடி ஒட்டிக் குறுக்க வேண்டும்.

பட்டா மாட்டுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சக்கரத்தின் சுற்றளவைவிட வேண்டுமென்றே சிறியதாக அடித்த இரும்பு வளையம் அது. குளிர்ந்த நிலையில் உள்ளே நுழையாது. வறட்டியும் விறகும் வட்டமாக அடுக்கி, நடுவில் வளையத்தைக் கிடத்தி, சிவக்கும் பதத்துக்குக் காய்ச்சுவார்கள். 4 அடிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 150 அங்குலம். 500 டிகிரி சூடேறினால் அந்த இரும்பு ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக நீளும். அந்த ஓர் அங்குலத்தை நம்பித்தான் எல்லாம். நான்கு பேர் இடுக்கியால் தூக்கி வட்டையின் மேல் இறக்குவார்கள். மரம் தீப்பிடிக்கும். உடனே தண்ணீர். இரும்பு சுருங்கும்போது குடத்துக்குள் ஆரக்கால்கள் இறுகும் ஒலி ஒன்று கேட்கிறது. நெட்டி முறிப்பதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதை எண்ணினார். முதல் சக்கரத்தில் 11 வரை எண்ணிவிட்டு நிறுத்தினார். பன்னிரண்டாவதற்கு ஒரு சிம்பு வைத்தோம்.

சட்டம் வேங்கை. நெடுக்கில் இரண்டு, குறுக்கில் நான்கு. நடுவில் ஓடி முன்னால் நீளும் ஏர்க்கால். இதைச் செய்வதில் தறிமரத்துக்கும் வண்டிமரத்துக்கும் பெரிய வேறுபாடு இல்லை. மூலைக்கு மூலை கயிறு பிடித்தார். கால் அங்குலம் பிசகு. மூன்று வாரம் முன்பு மூத்தவன் அறுத்த குறுக்குச் சட்டம்தான் காரணம். புதிதாக அறுத்தோம்.

இந்த இடத்தில் இளையவன் ஒரு படத்தைக் கொண்டுவந்தான். தொழிற்சாலை நண்பர் ஒருவர் கொடுத்த அமெரிக்கச் சஞ்சிகையின் பக்கம். ஹாட் ராட் என்ற ஒரு வகை வண்டியைப் பற்றியது. ஃபோர்டு 1928 முதல் 1931 வரை செய்த 'ஏ' மாதிரி பிக்கப்பின் வெற்றுச் சட்டம் அதில் படமாக இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய கலிஃபோர்னிய இளைஞர்கள், குப்பைக்கிடங்குகளில் கிடந்த பழைய ஃபோர்டுகளை மலிவாக வாங்கி, மட்கார்டு முதலான தேவையற்றவற்றைக் கழற்றி எறிந்து, வலுவான எஞ்சினைப் பொருத்தி, லாஸ் ஏஞ்சலஸுக்கு வடக்கே உள்ள வறண்ட ஏரிப் படுகைகளில் ஓட்டிப் பார்த்தார்கள். போருக்கு முன்பே தொடங்கிய வழக்கம்தான், போருக்குப் பின் பெருகிற்று. 'ஹாட் ராட்' என்ற பெயரிலேயே 1948 ஜனவரியில் சஞ்சிகையும் வந்தது. இன்றும் அந்தப் பழைய முறையில்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் அங்கே இருக்கிறார்கள். நவீனத் தொங்கலமைப்பு எளிதாகக் கிடைத்தாலும் அதைத் தொட மாட்டார்கள். ஒற்றை இரும்பு அச்சு, அதன்மேல் குறுக்காக ஒரே ஒரு கமான் கட்டு. வண்டி தாழ வேண்டுமானால் கட்டிலிருந்து சில பட்டைகளை உருவிவிடுவார்கள். பின்புறச் சட்டத்தை வெட்டிப் படிபோல் மேலேற்றி ஒட்டுவார்கள். சட்டத்தைப் பற்றவைக்கும் முன் அவர்கள் செய்யும் முதல் வேலை, மூலைக்கு மூலை அளப்பது.

அப்பா படத்தைக் கண்ணுக்கு அருகில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பிறகு, "இதுவும் வில் வண்டிதான். மாட்டக் கழட்டி உட்டுட்டான்" என்றார்.

அது சரியாகத்தான் இருக்கிறது. வில்லின் வரலாறு குதிரை வண்டியில் தொடங்குவது. நம் பழைய வண்டிகளில் வில் இல்லை. திருக்குறளில் மயிலிறகேற்றிய வண்டியின் அச்சு முறிகிறது. பெருந்தேருக்கு அச்சாணி வருகிறது. புறநானூற்றில் ஔவையார் பாடும் உப்பு வணிகர்கள், வழியில் முறிந்தால் மாற்றுவதற்கென்று வண்டிக்கு அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். நம் ஓட்டுநர்கள் ஸ்டெப்னி என்று சொல்வதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டார். ஆனால் இவை எல்லாமே முறிவதைப் பற்றிய கவலைகள். குலுங்குவதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 1804இல் லண்டனில் ஒபதையா எலியட் என்ற வண்டி செய்பவர் நீள்வட்ட வில்லுக்குக் காப்புரிமை பெற்றார். ஐரோப்பியக் கோச்சு வண்டிகளோடு அந்தத் தொழில்நுட்பம் இங்கே வந்தது. ஜாகீர்தார் ஊரான ஆரணிக்கு அது வர நாளாகியிருக்காது. ஹென்றி ஃபோர்டும் குதிரை வண்டியின் வில்லைத்தான் தன் 'டி' மாதிரிக் காருக்கு எடுத்துக்கொண்டார். 1908 தொடங்கி 1948 வரை அவருடைய நிறுவனத்தின் கார்கள் குறுக்குவில்லை விடவில்லை. ஆக, கலிஃபோர்னியாவின் இளைஞரும் ஆரணியின் தச்சரும் ஒரே பட்டறையின் பங்காளிகள்.

வில்லுக்கு நாங்களும் குப்பைக்கிடங்குக்குத்தான் போனோம். சென்னை புதுப்பேட்டையில் ஒரு பழைய அம்பாசிடரின் பின்புறக் கமான் கட்டு இரண்டு கிடைத்தது. மிராசுதாரை வில் வண்டியிலிருந்து இறக்கிய கார், தன் வில்லை வில் வண்டிக்கே திருப்பிக் கொடுப்பதில் ஒரு நியாயம் இருப்பதாக மூத்தவன் சொன்னான். பேருந்தில் கொண்டுவர நடத்துநர் இரண்டு டிக்கெட் கேட்டார்.

காரின் வில் வண்டிக்கு அப்படியே பொருந்தாது. கூண்டும் நான்கு ஆட்களும் சேர்ந்து 500 கிலோவுக்கு மேல் போகாது. காரின் பின்பக்கம் தாங்கும் எடை அதிலும் அதிகம். விறைப்பான வில், வில்லே இல்லாததற்குச் சமம். பட்டைகளின் எண்ணிக்கை பாதியானால் விறைப்பும் பாதியாகும். ஆனால் ஒரு பட்டையின் தடிமன் பாதியானால் அதன் விறைப்பு எட்டில் ஒன்றாகும். இளையவன் இதைத் தாளில் போட்டுக் காட்டினான். அப்பா கட்டைப் பிரித்து, பட்டைகளைத் திண்ணையில் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் நடுவிலும் கால் வைத்து ஏறி நின்று பார்த்தார். பாதிக்குமேல் வெளியே வைத்துவிட்டார். எது நின்றது, எது போயிற்று என்று கணக்கோடு ஒப்பிட்டோம். ஒரு பட்டை மட்டுமே வேறுபட்டது. அவர் சொன்னதையே வைத்தோம்.

பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதிலும் பொருள் இருக்கிறது. வெறும் வளைவு மட்டும் என்றால் பள்ளத்தில் விழுந்த வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். உரசல்தான் அந்த ஆட்டத்தைத் தின்கிறது. எனவே பட்டைகளுக்கிடையே அளவுக்கு மீறி மசகு போடக் கூடாது. நீள்வாட்டில் பொருத்தும் வில்லின் ஒரு முனையைச் சட்டத்தோடு இறுக்கலாம், மறுமுனையை இறுக்கக் கூடாது. வில் நிமிரும்போது நீளும். அந்த நீளத்துக்கு இடம் வேண்டும். அதற்காகத்தான் மறுமுனையை ஓர் ஊசல் இணைப்பில் தொங்க விடுவது. பட்டறையில் சாக்கிள் என்பார்கள். அப்பா ஊஞ்சல் என்பார்.

இனிச் சொல்ல வேண்டியது எங்கள் தவறு. ஒரு மெயின் பட்டையின் முனையில், ஆணி கோக்கும் கண் தேய்ந்திருந்தது. புதிய பட்டை தேட நேரமில்லை. விடுதியிலிருந்து இரண்டு முறை தொலைபேசி வந்துவிட்டது. இளையவன் ஒரு சனிக்கிழமை இரவு, அப்பா உறங்கிய பிறகு, தேய்ந்த கண்ணுக்கு மேல் ஒரு துண்டு வைத்து வெல்டிங் அடித்தான். சுத்தமான வேலை. அரம் போட்டு வண்ணமும் பூசியபின் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. மூத்தவன் விளக்குப் பிடித்தான். ஆகவே இது எங்கள் இருவரின் தவறு.

வண்டி முழுமை பெறும் முன்பே அப்பா அதை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்றார். கூண்டு இன்னும் ஏறவில்லை. தெரிந்தவரிடம் ஒரு ஜோடிக் காளை கேட்டு வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். எங்கள் தெருமுனையில் பாவு நீட்டியிருந்தார்கள். முழங்கால் உயரத்தில் பட்டிழைகள் தெருவின் நீளத்துக்கு விறைப்பாக நின்றன. காளைகளைப் பிடித்துக்கொண்டு அவர்கள் சுருட்டும்வரை காத்திருந்தோம். பழைய காலத்தில் ஜாகீர்தாரின் வண்டியும் இப்படித்தான் நின்றிருக்கும் என்று நெசவாளர் ஒருவர் சொன்னார். மெய்யோ பொய்யோ, கேட்க நன்றாக இருந்தது.

கமண்டல நாகநதிக் கரையை ஒட்டிய மண்பாதை. அப்பா முன்னால், நாங்கள் பின்னால், காளைக்காரர் ஏர்க்காலில். முதல் பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறிற்று, அடி விழவில்லை. ஒரு பெரிய மூச்சு விட்டதுபோல் இருந்தது. இரண்டாவது பள்ளம், மூன்றாவது. இளையவன் மூத்தவனைப் பார்த்துச் சிரித்தான். நான்காவதில் துப்பாக்கி வெடித்ததுபோல் ஓர் ஒலி. இடது பக்கம் அப்படியே அச்சின்மேல் உட்கார்ந்துவிட்டது. அப்பா பக்கவாட்டில் சரிந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். கண்ணாடி கீழே விழுந்து உடைந்தது. முழங்கையில் தோல் உரிந்தது. அந்த வயதில் அவர் கீழே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.

இறங்கி, குனிந்து, உடைந்த முனையைத் தடவிப் பார்த்தார். முறிவு வெல்டிங்கில் இல்லை, அரை அங்குலம் தள்ளி இருந்தது. கண்ணாடி இல்லாமல், விரலாலேயே கண்டுகொண்டார்.

"சுட்டுட்டியா?"

அவ்வளவுதான் கேட்டார். வேலிகாத்தான் கிளை ஒன்றை வெட்டச் சொல்லி, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே கட்டையாகச் செருகினார். வெறும் வண்டியைக் காளைகள் இழுத்துவர, நாங்கள் மூவரும் பின்னால் நடந்தோம். வழி முழுதும் ஒரு பேச்சும் இல்லை.

வில்லுக்கான எஃகில் கரி கூடுதல். அடித்து, காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, மறுபடி அளவாகச் சூடேற்றிப் பதப்படுத்தியதால்தான் அது வளைந்து திரும்புகிறது. அதில் வெல்டிங் பட்டால் சூடான இடம் சட்டென்று குளிர்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதன் விளிம்பில் பழைய பதம் போய்விடுகிறது. இளையவனுக்கு இது தெரியாததன்று. கமான் பட்டைக்கு அருகில் வெல்டிங் கூடாது என்பது அவன் தொழிலில் முதல் வாரத்துப் பாடம். தெரிந்தே செய்தான், ஓடப்போகாத வண்டிதானே என்ற எண்ணம் எங்கள் இருவருக்கும் உள்ளே இருந்துகொண்டே இருந்தது. அவன் அடுத்த மூன்று வாரம் ஊருக்கு வரவில்லை.

அப்பா கொல்லரிடம் போனார். வேறொரு பட்டையின் முனையைச் சிவக்கக் காய்ச்சி, சுருட்டிக் கண் அமைத்து, எண்ணெயில் தோய்த்தார்கள். பிறகு மெல்லிய தீயில் வாட்டி, காய்ந்த மரச்சிம்பை அதன்மேல் தேய்த்து, சிம்பு புகையும் பதத்தில் வெளியே எடுத்தார்கள். வெப்பமானி ஏதும் இல்லை. மூத்தவன் அருகிலிருந்து பார்த்தான். இளையவனுக்குச் செய்தி அனுப்பியபோது பதில் வரவில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை வந்துவிட்டான். அப்பா அவனிடம், "வா, முன்பாரம் பாக்கணும்" என்றார்.

முன்பாரம் என்பதுதான் இரட்டைச் சக்கர வண்டியின் உயிர்நிலை என்று இப்போது எண்ணுகிறோம். பாரத்தின் மையம் அச்சுக்கு முன்னால் விழுந்தால் நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்தும். பின்னால் விழுந்தால் நுகம் மேலே தூக்கி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மையம் அச்சின்மேல் சரியாக விழுந்தாலும் ஆகாது. வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் முன்னும் பின்னும் ஊசலாடும், கழுத்தில் தட்டிக்கொண்டே வரும். சிறிதளவு முன்பாரம் வேண்டும். எவ்வளவு? எங்கள் வண்டியில் அச்சிலிருந்து நுகம் 8 அடி. 300 கிலோ பாரம் அச்சுக்கு 2 அங்குலம் முன்னால் அமர்ந்தால் நுகத்தில் இறங்குவது சுமார் 6 கிலோ. ஓர் அங்குலம் தள்ளினால் 3 கிலோ கூடும் அல்லது குறையும். வில்லை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்டுகளைத் தளர்த்தி, அச்சை அரை அங்குலம் அரை அங்குலமாக நகர்த்தினோம். ஒவ்வொரு முறையும் எங்கள் இருவரையும் தெருப் பிள்ளைகள் இருவரையும் வண்டியில் உட்காரவைத்து, அப்பா ஏர்க்காலின் முனையை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார்.

காலையில் தொடங்கியது மதியம்வரை நீண்டது. எங்களுக்குச் சலிப்பு வந்துவிட்டது. இந்த ஏர்க்கால் புல்வெளியில் ஒரு சிமெண்டுத் தூணின்மேல் கிடக்கப்போகிறது. அந்தத் தூணுக்குக் கழுத்து வலிக்காது. சொல்லவில்லை. கடைசியில் அவர் இளையவனைக் கீழே அழைத்து, அவன் கையை எடுத்து ஏர்க்காலின் அடியில் வைத்தார். "இது. இவ்ளோதான் இருக்கணும்." பிறகு மூத்தவனையும் அழைத்தார். அந்தக் கனத்தைச் சொல்லால் குறிப்பிடச் சொன்னால் நாங்கள் இருவரும் இரண்டு விதமாகச் சொல்வோம். ஒருவனுக்கு அது உறங்கும் குழந்தையின் தலை. மற்றவனுக்கு முழுதாக நிறைந்த தண்ணீர்ச் சொம்பு. கிலோவில் சொன்னால் ஆறுக்குச் சற்றுக் கீழே.

மறுநாள் அதே பாதையில், அதே காளைகளோடு போனோம். அப்பா மடியில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்துக்கொண்டார். நான்காவது பள்ளம் வந்தபோது நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்தோம். வண்டி இறங்கியது, ஏறியது. சொம்பிலிருந்து கொஞ்சம் சிந்தியது. கொஞ்சமும் சிந்தவில்லை என்று எழுத ஆசைதான்.

விடுதியினர் மூன்று மாதத் தாமதத்துக்குக் கழித்துக்கொண்டே மீதிப் பணம் கொடுத்தார்கள். கூண்டின் வேலைப்பாட்டை மிகவும் பாராட்டினார்கள். அது வெளியே கொடுத்துச் செய்வித்தது. அடியில் யாரும் குனிந்து பார்க்கவில்லை. வண்டியைப் புல்வெளியில் நிறுத்திய அன்று அப்பாவும் வந்திருந்தார். மேலாளரிடம் கைகூப்பி ஒரு கோரிக்கை வைத்தார்: அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, இருபுறமும் ஒவ்வொரு கட்டை வைத்துக்கொள்ள அனுமதி வேண்டும். ஓடாமல் நிற்கும் வண்டியில் வில் ஆண்டுக்கணக்கில் ஒரே பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்தால் கூன் விழுந்துவிடும், பிறகு நிமிராது. கட்டை வைத்தால் பாரம் மரத்தில் இறங்கும், வில்லுக்கு ஓய்வு கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. மேலாளருக்கு விளங்கவில்லை. ஆனால் செலவில்லாத காரியம் என்பதால் தலையசைத்தார். கட்டைகளை அப்பா பையில் கொண்டுவந்திருந்தார். தறிமரத்தின் மிச்சத் துண்டுகள். என்றாவது யாராவது காளை பூட்டினால் முதலில் இவற்றை உருவிவிட வேண்டும் என்று காவலாளியிடம் இரண்டு முறை சொன்னார்.

அப்பா 2020இல் மறைந்தார். அவ்வழியாகப் போகும்போதெல்லாம் நாங்கள் உள்ளே போய் ஒரு காப்பி குடித்துவிட்டுக் குனிந்து பார்ப்பது வழக்கம். சென்ற முறை வலப்பக்கக் கட்டையைக் காணவில்லை. சமையற்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க யாரோ எடுத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். கேட்டு வாங்கச் சங்கடமாக இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு துண்டை அளந்து அறுத்துக்கொண்டு போனோம். இளையவன் சட்டத்தைத் தோள்கொடுத்துத் தூக்க, மூத்தவன் உள்ளே தள்ளினான். தூக்கும்போது வில் கால் அங்குலம் மேலெழுந்தது.